ஈறில் ரத்தம் வருதா? சுகரையும் கொஞ்சம் கவனிங்க!

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தா, ‘பிரஷ் குத்திடுச்சு’ன்னு விட்டுடுறோம். ஆனால், அது ஈறு அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இருவழித் தொடர்பு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறு நோய் தீவிரமாகும். ஈறில் அழற்சி நீடித்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை இன்னும் ஏறும்.

ஈறுக்குச் சிகிச்சை எடுத்தால் சுகர் குறையுமா?

35 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2022 அறிக்கை, ‘குறையும்’ என்கிறது. 3-4 மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது. அதுக்காக மாத்திரையை நிறுத்திடக் கூடாது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்கிறது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. கண், கால், கிட்னி எனப் பார்க்கிற செக்கப் பட்டியலில் ஈறையும் சேர்த்துக்கோங்க.