பாடி வருபவருக்கு இரண்டு கோடி, பிடிப்பவருக்கு என்ன?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பள்ளியில் இடது கார்னரில் நிற்பான். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். இப்போது கரும்பு வெட்டப் போகிறான், லீவு நாளில் ஊர் ஊராகப் போய்க் கபடி ஆடுகிறான். "ஐயா, பரிசுப் பணத்துல பாடிட்டு வர்றவனுக்குத்தான் பெரும்பங்கு. எனக்கு பஸ் செலவுதான் மிஞ்சுது. இது நியாயமா?" என்று கேட்டான். உடனே எனக்குப் பதில் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். புரோ கபடியில் வீரர்களுக்காக ஒரு அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு உண்டு. 2024 ஏலத்தில் அது 5 கோடி ரூபாய். நம் தமிழ் தலைவாஸ், சச்சின் தன்வார் என்ற ரைடரை மட்டும் 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தது. நூற்றுக்கு 43 ரூபாய் ஒருவருக்கே போய்விட்டது. அணிக்குக் குறைந்தது 18 பேர் வேண்டும். மீதி 57 ரூபாயை 17 பேர் பங்கு போட வேண்டும்.

2023 ஏலத்தில் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி, பிடிப்பதில் மன்னர், 1 கோடியே 60 லட்சத்துக்குப் போனார். அதே ஏலத்தில் ரைடர் பவன் செராவத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. அந்த சீசனில் டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடம்.

ரைடருக்கு அதிகம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே மூச்சில் மூன்று, நான்கு பாயிண்ட் கொண்டுவர அவரால் முடியும். பிடிப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் கார்னரைப் பார்த்துப் பயந்து, 30 விநாடியும் கோட்டோரமே சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறாரே ரைடர், அந்தப் பயத்துக்கு யார் கணக்கில் பாயிண்ட்? அடுத்தடுத்து இரண்டு ரைடு அப்படிப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் பெயர் ஸ்கோர் ஷீட்டில் பெரிதாக வராது.

ஆகவே பிடிப்பவரின் விலையை வெறும் பாயிண்டால் அளக்கக் கூடாது. பத்து முறை பாய்ந்து ஆறு பிடித்தவரும், இருபது முறை பாய்ந்து ஆறு பிடித்தவரும் ஒன்றல்ல. தவறிய ஒவ்வொரு பிடியும் எதிரணிக்குப் பாயிண்ட். யாரைப் பிடித்தார், எந்த நேரத்தில் பிடித்தார், அவர் பக்கம் எத்தனை ரைடு வெறுமனே திரும்பியது என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் கபடிப் பரிசை எப்போதும் 'அதிக பாயிண்ட் எடுத்தவனுக்கு' என்று எழுதியவன் நான்தான். அந்தப் பையனும் அப்போது கீழே உட்கார்ந்து கை தட்டினான். ஒன்றாம் வகுப்பில் எழுத்து சொல்லிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு மட்டும் மாலை போடுவதைப் பார்த்து வருந்திய நானே அதைச் செய்தேன்.

பொங்கலுக்குப் போட்டி நடத்தும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசுப் பணத்தில் பாதியை ஏழு பேருக்கும் சமமாகப் பிரியுங்கள். மீதியை அன்றைய ஆட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள். நோட்டில் வெறும் ரைடுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். 'சிறந்த பிடி வீரர்' பரிசு இந்த முறை என் செலவு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
மூங்கில்துறைப்பட்டு