நெல்லிக்காய்க்குப் பொய்ப் பெருமை வேண்டாம்

மதுரை தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையில், பருவம் வந்துவிட்டால் நெல்லிக்காய் தள்ளுவண்டியிலும் சாக்கு விரிப்பிலும் வந்து குவியும். "தினம் ஒன்று தின்றால் சளி அண்டாது, காய்ச்சல் வராது" என்று கூவி விற்பதும் வழக்கமாகிவிட்டது. 2020-ல் கொரோனா பரவியபோது இந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. மருந்துக் கடைகளில் வைட்டமின் 'சி' மாத்திரையும் அட்டை அட்டையாக விற்றது. மானாவாரி நிலத்தில் நாலு நெல்லி மரம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்தக் கிராக்கி மகிழ்ச்சி தருவதுதான். ஆயினும் கூவி விற்கும் சரக்கைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதை அவர்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

வைட்டமின் 'சி' ஜலதோஷத்தைத் தடுக்கும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. நோபல் பரிசை இருமுறை பெற்றவர் 1970-ல் புத்தகம் எழுதிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அதன் பின் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. 11,306 பேர் பங்கு கொண்ட 29 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. தினமும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சளி பிடித்தது. பெரியவர்களுக்குச் சளி நீடித்த காலம் நூற்றுக்கு 8 பங்கு குறைந்தது. ஏழு நாள் சளியில் அரை நாள் மிச்சம், அவ்வளவே. சளி பிடித்த பின் மாத்திரை விழுங்கியவர்களுக்கு நிச்சயமான பலன் எதுவும் தெரியவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் போன்றோருக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. கொரோனா நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்றும் 2021-ல் கைவிரித்துவிட்டது.

அப்படியானால் வைட்டமின் 'சி' வீண்தானா? இல்லை. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இந்தச் சத்தை இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு சேர்த்து வைத்துக்கொள்கின்றன. சத்து குறைந்தால் அவற்றின் வேலையும் குறையும். விவசாயிக்கு இது புதிய விஷயமல்ல. துத்தநாகக் குறை உள்ள நெல் வயலில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டால் பயிர் நிமிர்கிறது. குறையில்லாத வயலில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஒரு மரக்கால் நெல் கூடுவதில்லை. உடம்பும் அப்படித்தான். குறையை நிரப்பினால் பலன். மேற்கொண்டு விழுங்குவது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். சிலருக்கு அது சிறுநீரகக் கல்லுக்கும் வழி வகுக்கலாம். வெயிலில் வியர்வை சிந்தி, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தேவையான அளவும் மலைக்கும்படியாக இல்லை. ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சிபாரிசு செய்தது. ஐதராபாத் தேசிய உணவு ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் நெல்லிக்காயில் 252 மில்லிகிராமும், வெள்ளைக் கொய்யாவில் 214-ம் இருக்கின்றன. நெல்லிக்கு 600 என்பது பழைய அட்டவணையின் கணக்கு. சாறு விற்பவர்கள் பலர் அதை இன்னும் விடவில்லை. 252 மட்டும் குறைவா என்ன? நடுத்தரக் காய் ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். 1940-ல் இசார் பகுதியில் பஞ்சம் வந்து, பல் ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டபோது, நெல்லிப் பொடிதான் கை கொடுத்தது. அது மெய்யான பெருமை.

அதைவிட நம் கிராமங்களுக்கு வேண்டிய பலன் ஒன்றுண்டு. சளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டிற்று. சோறு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. உடன் வைட்டமின் 'சி' சேர்ந்தால் ஏற்கும். ஐதராபாத் நிறுவனத்தார் வளரிளம் பருவத்தினருக்குச் சோற்றுடன் கொய்யாவும் கொடுத்துச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பில் சேர்ந்த இரும்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பழத்தைச் சோற்றோடு சேர்த்துத் தின்றால்தான் இந்தப் பலன். சாப்பிட்டவுடன் காப்பியோ டீயோ குடித்தால் அவை இரும்பைத் தடுத்துவிடும்.

நெல்லிச் சாறு, மிட்டாய் செய்து விற்கும் மகளிர் குழுக்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. "சளியைத் தடுக்கும், கொரோனாவை விரட்டும்" என்று ஒட்டுச்சீட்டில் அச்சிடுவது சட்டப்படி தவறு. தவறான விளம்பரத்திற்கு 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. "வைட்டமின் 'சி' உள்ளது" என்று அளவோடு அச்சிடலாம். சாற்றைக் கொதிக்க வைத்தால் சத்தில் ஒரு பகுதி அழியும் என்பதால், அச்சிடுமுன் பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்ப்பது அவசியம்.

விலையைப் பொறுத்தவரை, 1999-ல் முதல் உழவர் சந்தை தொடங்கியது மதுரை அண்ணா நகரில்தான். வியாபாரி தரம் பிரித்துத் தள்ளும் சிறு காயும் வடுப்பட்ட கொய்யாவும் சத்தில் மட்டமல்ல. இப்போது அவை தோப்பிலேயே கிடந்து அழுகுகின்றன. வீட்டுக்கு வருவதோ மருந்துக் கடை அட்டை. களையெடுக்கப் போகும் பெண்ணின் தூக்குவாளியில் கஞ்சியோடு அந்தக் காய்களில் இரண்டைப் போட்டு அனுப்பக் காசு எதுவும் செலவாகாது.