தவறணைக்கு மீண்டும் ஒரு தடவை

வலிகாமத்தில் நான் விரும்பிச் செல்லும் கள்ளுத் தவறணை ஒன்றுண்டு. பெயர் வேண்டாம், அங்கு என்னைக் காண விரும்பாத உறவினர் பலர் இப்பக்கத்தை வாசிக்கிறார்கள். பல்கலைக்கழகக் காலத்தில் மூத்த பத்திரிகையாளர் ஒருவர் என்னை அங்கு முதன்முதலாக அழைத்துச் சென்றார். செய்தி எழுதக் கற்றுத்தந்தவரும் அவரே. 1995 இடப்பெயர்வோடு விட்டுப்போன அந்த உறவை, கடந்த சித்திரையில் புதுப்பித்துக்கொண்டேன்.

பதினொரு மணி வெயில். தகரக் கூரை, சீமெந்து வாங்கு, நான்கைந்து பிளாஸ்ரிக் கதிரைகள். பனங்கள் வாங்கிக்கொண்டேன். முற்றத்தின் ஓரத்தில் ஓர் அம்மா சூடைமீன் பொரித்துக்கொண்டிருந்தார். கணவாய்ப் பிரட்டலும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், இடித்த சம்பலும் இருந்தன. "முட்டி இறக்கி ஒரு மணித்தியாலம் கூட ஆகேல்லை, ஐயா. குடிச்சுப் பாருங்கோ" என்றார் விற்பனையாளர். பொய்யில்லை. இனிப்பு முற்றாக நீங்காமல், புளிப்பு முற்றாக ஏறாமல் இருந்தது. அந்த இடைநிலை நண்பகலுக்கு மேல் நிற்காது. கள்ளைப் புளிக்கவைக்க எவரும் எதையும் சேர்ப்பதில்லை. பாளையிலிருந்து சொட்டத் தொடங்கியதுமே காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணி, பூசாவிட்டால் கள். மறுநாளைக்கு வைத்தால் வினாகிரிக்குப் போகும் வழியில் இருக்கும்.

ஜேர்மனியில் வாழும் நண்பர் ஒருவர், தம் நகரில் பியரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே உணவுடன் பரிமாறும் விடுதிகளைப் பற்றிப் பெருமையாக எழுதுவார். குடும்பமாகச் செல்வார்களாம். எங்களிடமும் அதுதான் இருக்கிறது என்று பதில் எழுதினேன். குடும்பமாகச் செல்ல முடியாது என்பதை மட்டும் எழுதவில்லை.

இதற்குக் கள் காரணமன்று. போத்தலில் வரும் கடும் பியரில் மதுசாரம் 8 வீதத்துக்கும் மேல். புதிய கள்ளில் ஏறக்குறைய அதன் பாதி. ஆனால் பியர் குடிப்பவர் நாகரிகமானவர், கள் குடிப்பவர் குடிகாரர். இந்தக் கணக்கின் பின்னால் சாதி நிற்கிறது. கள் இறக்கியவரின் முற்றத்தில், அவருடைய பாத்திரத்தைத் தொடாமல், ஓலைப் பிளாவில் வார்க்கச் செய்து குடித்துவிட்டு எறிந்து சென்ற கனவான்கள் இருந்தார்கள். இன்று பிளாவைப் பண்பாட்டுச் சின்னம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பழைய பயனையும் சேர்த்து நினைவுகொள்வது நல்லது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல்; தேநீர்க்கடைகளின் தனிக் குவளைகள் அதன் பின்னரும் இருந்தன. தவறணை வாங்கில் எவர் பக்கத்தில் எவர் அமர்வது என்று கேட்க நேரமில்லாதிருந்தது. அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மீனும் ஒரு காரணம்.

1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் காலந்தொட்டு அரசுக்குத் தவறணை என்றால் அனுமதிப்பத்திரமும் வரியுமே. 1970களில் தோன்றிய பனை தென்னை வள கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளரை இடைத்தரகரிடமிருந்து ஓரளவு மீட்டன. அது சிறிய சாதனையன்று. ஆயினும் குடிப்பவர் அமரும் இடத்தைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை. சுத்தமான கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், நல்ல மேசை, அந்த அம்மாவின் அடுப்புக்கு ஒரு கூரை: இவற்றைச் செய்யப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. போத்தலில் அடைத்த கள் கடல் கடந்து செல்கிறது, மகிழ்ச்சி. ஆனால் கெடாமலிருக்கச் சூடாக்கிப் புளிப்பை நிறுத்திய கள், நிறுத்திவைத்த மணிக்கூடு போன்றது.

விற்பனையாளரிடம் சீவல் தொழிலாளர் பற்றிக் கேட்டேன். தளநாரும் பாளைக்கத்தியுமாகக் காலையும் மாலையும் ஏறுபவர்களில் ஐம்பதைத் தாண்டாதவர் இருவர் மட்டுமே என்றார். கடந்த ஆண்டு ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தது; அவருடைய மகன் இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். "அவனை ஏறு எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது, ஐயா?" என்றார். என்னிடமும் விடை இருக்கவில்லை. என் பிள்ளைகளில் எவரையும் நான் பத்திரிகைத் தொழிலுக்கு விடவில்லை.

இன்னொரு பிளா கேட்டேன். பனங்கள் முடிந்துவிட்டது, தென்னங்கள் இருக்கிறது என்றார். மணி பன்னிரண்டரை. மீன் இன்னும் இரண்டு மிச்சமிருந்தது.