கனவு யாருக்குச் சொந்தம்?

1938 ஜனவரியில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஓவியம், பொம்மை, நடனம், ஒலி, வாசனை எல்லாம் சேர்ந்த கூட்டுக் கலை. கனவும் ஆழ்மனமும் அதற்கு ஆதாரம். இருட்டறையில் பார்வையாளர் கையில் டார்ச் விளக்கு. காப்பிக்கொட்டை வறுபடும் மணம். கூரையில் சுமார் 1,200 நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டார் மார்சேல் தூஷாம்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் தள்ளிவிடவில்லை. பலர் கூடிச் செய்தார்கள், கனவை மதித்தார்கள். இரண்டும் நல்லதே. ஆனால், சாக்குக்குள் இருந்தது கரியல்ல, காகிதம்! திறப்பு நாளில் வந்தவர்களோ விருந்துக்குரிய உடையணிந்த கனவான்கள். கரி சுமந்தவனின் கனவு அங்கே எங்கே?

இரவு ஷிப்டு முடித்துப் படுப்பவனும், நாற்று நட்டு அயர்ந்தவளும் கனவு காண்கிறார்கள். அந்தக் கனவும் மேடையேற வேண்டும். தோழர்களே, அதை நாம் கூடித்தான் ஏற்ற வேண்டும்!