பாட்டு வாழ்ந்தது, பாவலன் மாய்ந்தான்

பாட்டு இனித்தால் போதாதா, அதனை ஆக்கியவன் எவனாயினும் நமக்கென்ன என்று வினவுவோர் உளர். அன்னார் முன் ஒரு பாட்டின் வரலாற்றை வைக்கின்றோம்.

1939இல் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில், சாலமன் லிண்டா என்னும் ஜூலு இனத்தவர் தம் குழுவினருடன் காலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடினார். அந்நிறுவனத்திலேயே இசைத்தட்டுகளைக் கட்டி அடுக்கும் தொழிலாளி அவர். பாட்டின் பெயர் 'இம்பூபே'. சிங்கம் என்பது பொருள். மூன்றாம் முறை பதிவு செய்கையில், முன்னேற்பாடு ஏதுமின்றி அவர் குரலினின்று புதியதோர் மெட்டுப் புறப்பட்டது. பின்னாளில் உலகை மயக்கியது அதுவே. அவருக்குக் கிடைத்த விலையோ 10 ஷில்லிங்!

அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் அவ்விசைத்தட்டைக் கேட்டு, 'உயிம்பூபே' என்ற சொல்லை 'விமோவே' எனப் பிறழக் கொண்டார். அவர் குழுவினர் பாடி 1952இல் வெளிவந்த தட்டில், ஆக்கியோன் பெயராக 'பால் கேம்பல்' என்ற புனைபெயரே இருந்தது. 1961இல் வேறொரு குழு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாட, அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் மாண்டார். சீகர் அவருக்கு 1000 டாலர் அனுப்பியதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அது ஈகை; கூலியன்று.

'அவர் மனமொப்பி விற்றாரே' என்பர் சிலர். எதனை விற்றார்? அதன் மதிப்பை அவர் அறிவாரா? நீரில் நீந்தும் மீனையும் வானிற் பறக்கும் புள்ளையும் விற்றல் செல்லாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவது ஏன்? அளவும் மதிப்பும் அறியப்படாத வாணிபத்தில் ஏமாற்றம் ஒளிந்திருக்கும் என்பதாலன்றோ? 'கரர்' என்று அதனைப் பெயரிட்டு விலக்கினர் நம் முன்னோர்.

டிஸ்னி நிறுவனத்தின் 'தி லயன் கிங்' படத்திலும் 1994இல் அப்பாட்டு ஒலித்தது. ஆக்கியோன் இறந்து 25 ஆண்டுகளுக்குப்பின் உரிமை வாரிசுகளைச் சேரும் என்ற 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தைத் துணைக்கொண்டு, 2004இல் லிண்டாவின் மக்கள் வழக்காடினர். 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. பெயரும் பங்கும் கிடைத்தன. தந்தை மண்ணுக்குள் சென்று 44 ஆண்டுகள் கழிந்தபின் வந்த நீதி அது!

ஆகவே, இல்லத்தில் ஒரு பாட்டு ஒலிக்குங்கால், 'இதனை ஆக்கியவர் யார்?' என்று நம் மக்களைக் கேட்கச் செய்வோம். பெயரை மறைப்பதும் கூலியை மறுப்பதும் ஒரே களவின் இரு கைகளே.