தொட்டால் ஒளிரும் சுவர்களுக்கு எதிராக

தொட்டவுடன் ஒளிர்கிற எல்லாவற்றையும் ‘ஊடாடும் கலை’ என்று அழைப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்வது டிஜிட்டல் கலை பிடிக்காத ஆள் இல்லை. நான் சிங்கப்பூரில் ஒரு கலைக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புரொஜெக்டர், சென்சார், கொஞ்சம் நிரலெழுத்து, இவைதான் என் தூரிகையும் வண்ணமும். இந்தக் கருவிகள் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் கோபம் வருகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் திட்டங்களை விளக்கும்போது முதலில் வரும் கேள்வி, “சரி, ஆடியன்ஸ் எங்க தொடுவாங்க?” என்பதுதான். எதற்காகத் தொடுவார்கள், தொட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. தொடுகிற இடம் ஒன்று இருந்தால் போதும், அது ‘இன்டராக்டிவ்’. இல்லையென்றால் பழையது.

இந்த நாட்டில் பெரும்பாலானோருக்கு இந்தச் சொல் அறிமுகமான இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மரினா பேயில் தாமரை போல் விரிந்து நிற்கும் ஆர்ட்சயன்ஸ் மியூசியத்தில் 2016இல் ‘ஃபியூச்சர் வேர்ல்டு’ திறக்கப்பட்டது. ஜப்பானின் டீம்லேப் குழுவின் ஆக்கம். அதில் ‘ஸ்கெட்ச் அக்வேரியம்’ என்று ஒன்று. காகிதத்தில் அச்சிட்ட மீன் உருவத்துக்குக் குழந்தைகள் வண்ணம் தீட்டுவார்கள். அதை ஸ்கேன் செய்தால் சற்று நேரத்தில் அதே மீன் சுவரில் நீந்தும். கையை வைத்தால் விலகி ஓடும். உணவுப்பையைத் தொட்டால் சாப்பிட வரும். என் அக்கா மகனைக் கூட்டிப்போயிருந்தேன். “சித்தி, என் மீனு! என் மீனு!” என்று அரை மணி நேரம் நகரவேயில்லை. அழகாகத்தான் இருந்தது, இல்லைன்னு சொல்லல. குழந்தையின் சந்தோஷத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் சண்டை, அதே மீன்தொட்டி முன்னால் நின்றுகொண்டு “பார்வையாளரே படைப்பாளி ஆகிறார்” என்று சொல்லும் பெரியவர்களோடு.

அந்தச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். அதைவிடச் சிறியதை நானே கட்டியிருக்கிறேன். எங்கோ மேலே ஒரு கேமராவோ தூரத்தை அளக்கும் சென்சாரோ இருக்கும். கை நெருங்க நெருங்க ஒரு எண் குறையும். எண் நான் வைத்த வரம்புக்குக் கீழே போனால் அனிமேஷன் ஓடும், அவ்வளவுதான். கை வைத்தது பாட்டியா, போலீஸ்காரரா, காலையில் கட்டுமானத் தளத்திலிருந்து வந்த தொழிலாளியா என்று சுவருக்குத் தெரியாது. நீங்கள் என்ன செய்யக்கூடும் என்பதை மூன்று மாதம் முன்பே என் மடிக்கணினியில் நான் எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் வந்து அதை ஓட்டிப் பார்க்கிறீர்கள். மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது. அதை யாரும் ஊடாட்டம் என்று சொல்வதில்லை. எதிர்வினை வேறு, உறவு வேறு.

டீம்லேப்பை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அவர்களுடைய பூக்கள் வரும் ஆக்கங்களில் அசையாமல் நின்றால் உங்களைச் சுற்றிப் பூக்கள் மலரும், தொட்டாலோ நடந்தாலோ உதிரும். ‘சும்மா இரு’ என்று பார்வையாளரிடம் கேட்கிற படைப்பு அது. நல்ல யோசனை. ஆனால் அந்த அறையில் எத்தனை பேர் அசையாமல் நிற்கிறார்கள்? கையில் கைப்பேசியோடு நல்ல கோணம் தேடி நடந்துகொண்டே இருக்கிறார்கள், பூக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உதிர்ந்ததால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. அடுத்த நிமிடம் வேறு பூ வந்துவிடும். பின்விளைவு இல்லாத இடத்தில் நல்ல யோசனையும் அலங்காரமாகத்தான் முடிகிறது.

இன்னொரு மீன்தொட்டியைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் டிராப்ஹோல்ட் அருங்காட்சியகத்தில் மார்கோ எவரிஸ்டி ‘ஹெலெனா’ என்ற நிறுவலை வைத்தார். மேசைமேல் பத்து பிளெண்டர்கள். உள்ளே தண்ணீரில் உயிருள்ள தங்கமீன்கள். மின்சாரம் இணைக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தலாம், அழுத்தாமலும் போகலாம். யாரோ அழுத்தினார்கள், மீன்கள் செத்தன. விலங்குவதை என்று அருங்காட்சியக இயக்குநர்மீது வழக்கு. மீன்கள் கணத்தில் இறந்தன, வதைபடவில்லை என்று சொல்லி நீதிமன்றம் 2003இல் அவரை விடுவித்தது.

எனக்கு அந்தப் படைப்பு பிடிக்கவில்லை. ஒரு வாதத்துக்காக மீனைக் கொல்லக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்களுக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருந்தது. அழுத்தாமல் கடந்துபோனவரும் ஏதோ ஒன்றைத் தீர்மானித்துவிட்டுத்தான் போனார். ஆர்ட்சயன்ஸ் மியூசியத்தின் மீனை நீங்கள் காப்பாற்றவும் முடியாது, கொல்லவும் முடியாது.

“டிஜிட்டல் கலையில் இதெல்லாம் எப்படி முடியும்?” என்று கேட்பவர்களுக்கு வஃபா பிலாலைக் காட்டுவேன். இராக்கில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர். 2004இல் இராக்கில் அவருடைய தம்பி அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2007இல் சிகாகோவின் கலைக்கூடம் ஒன்றில் பிலால் ஒரு மாதம் தங்கினார். எதிரே இணையத்தோடு இணைத்த பெயிண்ட்பால் துப்பாக்கி. உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் வலைத்தளத்துக்குப் போய் அவரைக் குறிபார்த்துச் சுடலாம். 60 ஆயிரம் முறைக்கும் மேல் சுட்டார்கள். அறை முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டது. படைப்பின் பெயர் ‘டொமெஸ்டிக் டென்ஷன்’.

சுட்டவர்களைவிட எனக்கு முக்கியம் இன்னொரு கூட்டம். முன்பின் தெரியாத சிலர் இணையத்தில் கூடி, முறைவைத்து, துப்பாக்கியின் முனையை அவர்மீது படாதபடி ஒரு பக்கமாகத் திருப்பியே பிடித்திருந்தார்கள். தங்களை மனிதக் கேடயம் என்று அழைத்துக்கொண்டார்கள். பிலால் அதை நிரலில் எழுதவில்லை. ‘காப்பாற்று’ என்று ஒரு பொத்தானும் வைக்கவில்லை. மக்கள் தாங்களாகக் கண்டுபிடித்தார்கள். கலைஞர் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்வையாளர் செய்ய முடிந்ததே, அதைத்தான் நான் ஊடாட்டம் என்கிறேன்.

இப்படிச் சொன்னால், “அப்போ ரத்தம் சிந்தினாத்தான் கலையா?” என்று கேட்பார்கள். இல்லை. அமாண்டா ஹெங் என்ற சிங்கப்பூர்க் கலைஞர் 1996இல் ‘லெட்ஸ் சாட்’ செய்தார். ஒரு மேசை, தேநீர், ஒரு குவியல் தவ்கே. வருகிறவர்கள் உட்கார்ந்து தவ்கேயின் வாலைக் கிள்ளிக்கொண்டே அவரோடு பேச வேண்டும். நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்களே, அதேதான். சென்சார் கிடையாது, மின்சாரம்கூடத் தேவையில்லை. ஆனால் நீங்கள் உட்காராவிட்டால் அங்கே படைப்பே இல்லை. நீங்கள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அமாண்டா ஹெங்குக்கும் தெரியாது.

ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸ் 1991இல் ஒரு மூலையில் சுமார் 79 கிலோ மிட்டாயைக் குவித்தார். அதே ஆண்டு எய்ட்ஸ் நோயால் இறந்த தன் துணைவர் ராஸின் உருவப்படமாக. வருகிறவர் ஒரு மிட்டாயை எடுத்துத் தின்னலாம். ஒவ்வொருவர் எடுக்கும்போதும் அந்த உடல் கொஞ்சம் கரைகிறது. குழந்தைகூட மிட்டாயை எடுக்கும், கஷ்டமே இல்லை. என்ன எடுத்தோம் என்பது வாயில் போட்ட பிறகுதான் உறைக்கும்.

ஊடாட்டம் என்றால் என்ன என்பதை இந்த ஊரில் கலைஞர்களைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது அரசாங்கம்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வரலாறு அப்படி. 1993இல் ‘தி நெசசரி ஸ்டேஜ்’ நாடகக்குழு ஃபோரம் தியேட்டரை இங்கே மேடையேற்றியது. அதில் பார்வையாளர் எழுந்து மேடைக்குப் போய், பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, கதையை மாற்றலாம். 1994 புத்தாண்டை ஒட்டி பார்க்வே பரேடில் ஜோசஃப் இங் செய்த நிகழ்த்துகலை பெரும் சர்ச்சையானது. அதைத் தொடர்ந்து நிகழ்த்துகலைக்கும் ஃபோரம் தியேட்டருக்கும் அரசு நிதி நிறுத்தப்பட்டது. 2003 வரை இந்த நிலை நீடித்தது. அன்று அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. இவற்றுக்கு எழுதிய பிரதி கிடையாது. பார்வையாளர் திடீரென்று பங்கேற்பதை இவை ஊக்குவிக்கின்றன. அது பொது ஒழுங்குக்கு ஆபத்து.

இதை நூலகத்தில் முதன்முதலாகப் படித்தபோது நான் இரண்டு முறை திரும்பப் படித்தேன். பிரதி கிடையாது, பார்வையாளர் பங்கேற்பார். ஊடாடும் கலைக்கு இதைவிட நல்ல வரையறை எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இல்லை.

இன்று ‘இன்டராக்டிவ்’ எல்லோருக்கும் பிடித்த சொல். ஒளி விழா, பேரங்காடி, மருத்துவமனை வரவேற்புக்கூடம், எங்கும் அது வேண்டும். அப்போது அஞ்சிய விஷயத்தை இப்போது எப்படி வாரி அணைக்கிறார்கள்? அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால்தான். பிரதி திரும்ப வந்துவிட்டது. நிரலாக வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பொது நிகழ்வுக்கு நான் அனுப்பிய திட்டம் இது. வாய்ட் டெக்கில் ஒரு பழைய தொலைபேசி. எடுத்தால் உங்களுக்கு முன்னால் வந்தவர் பேசிவிட்டுப் போனது கேட்கும். கேட்டு முடித்ததும் அடுத்து வருபவருக்கு நீங்கள் ஏதாவது சொல்லிவிட்டு வைக்க வேண்டும். தமிழிலோ மலாயிலோ ஹொக்கியனிலோ, எதிலும். ஏற்பாட்டாளர்களுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. யாராவது கெட்ட வார்த்தை பேசினால்? மதத்தைப் பற்றிப் பேசினால்? முன்கூட்டியே பதிவுசெய்த பத்துச் செய்திகளை மட்டும் வைக்கலாமா? கடைசியில், பேச்சே வேண்டாம், ஃபோனை எடுத்தால் தூண்கள் வண்ணம் மாறட்டும், படம் எடுக்க நல்லா இருக்கும் என்றார்கள். நான் திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு தாத்தா இன்னொரு தாத்தாவிடம் என்ன சொல்வார் என்ற பயம், வண்ணம் மாறும் தூணைப் பார்த்தால் வருவதில்லை.

இதில் பணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். படிப்பு முடித்து வரும் எங்களுக்கு வாடகை கட்டும் வேலை ஒளிரும் சுவர்களில்தான் கிடைக்கிறது. அந்த வேலையை எடுப்பவரை நான் குறைசொல்ல மாட்டேன், நாளை நானும் எடுக்கலாம். ஆனால் சுவரை அலங்காரம் என்று சொல்லிக் கொடுப்போம், கூலியும் வாங்குவோம். கலை என்ற பெயரையும் அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டால், அந்தத் தொலைபேசிக்கு வைக்க ஒரு பெயர்கூட மிஞ்சாது.

“மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே, நீ யார் வேண்டாம் என்று சொல்ல?” என்பது அடுத்த அடி. கூட்டத்தை நான் மதிக்கிறேன். மதிக்காதவர்கள்தான் அவர்களுக்குத் தொட்டால் மின்னுவது போதும் என்று முடிவுகட்டுகிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நின்று முகம் தெரியாதவருக்கு மோர் ஊற்றிக்கொடுக்கும் மக்கள் இவர்கள். பங்கேற்பது என்றால் என்னவென்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு சிறுகதையின் கடைசிப் பத்திக்காக மூன்று மணி நேரம் சண்டை போடுகிற வாசகர்கள் நீங்கள். ஒரு கவிதையில் உவமை சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் விடமாட்டீர்கள். அதே நீங்கள் ஒரு நிறுவலைப் பார்த்துவிட்டு வந்து, “சூப்பரா இருந்துச்சும்மா, பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது” என்கிறீர்கள். இலக்கியக் கூட்டத்தில் ஒரு மூத்த எழுத்தாளரிடம் இதைக் கேட்டேவிட்டேன். “ஏம்மா, அதெல்லாம் எங்களுக்கு எங்க புரியுது” என்று சிரித்தார். அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறார். எனக்கு அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத்தான் படுகிறது. கதைக்கு நீங்கள் வைத்திருக்கும் அளவுகோலே இங்கேயும் செல்லும். இது என்னிடம் என்ன கேட்கிறது? நான் மறுத்தால் என்ன ஆகும்? நான் வராமல் இருந்திருந்தால் இதில் எது குறைந்திருக்கும்?

அடுத்த முறை ஒளி விழாவுக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள். ‘எதுவும் குறைந்திருக்காது’ என்று பதில் வந்தால், படம் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள், ஆனால் அதை ஊடாடும் கலை என்று எழுதாதீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பதும் சின்ன விஷயம்தான். உங்கள் இருபது படைப்புகளில் ஒன்றே ஒன்றையாவது, மக்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததாக வையுங்கள். என் தொலைபேசி இன்னும் அலமாரியில் இருக்கிறது. பதிவுச் சாதனமும் நன்றாக வேலை செய்கிறது.