கணக்கில் வராத காதங்கள்!



பொற்கோடு பொலியும் சட்டை, தலையிலே தொப்பி, நடையிலே மிடுக்கு! விமான நிலையத்தில் அவர் நடந்து வரக் கண்டால் குழந்தை விரல் நீட்டும், பெரியவர் வழிவிடுவர். விமானி வருகிறார்! உழைப்போரின் குறைகளை அடுக்கடுக்காய் எடுத்துரைக்கும் நாவுகூட அவரைக் கண்டதும் அடங்கிவிடும். "அவருக்கென்ன குறை? ஆகாயத்தில் பறக்கிறார், ஆயிரம் ஆயிரமாய் வாங்குகிறார்!" என்றே எண்ணத் தோன்றும்.

அமெரிக்க நாட்டிலே அத்தகைய விமானி ஒருவரை நிறுத்தி, "ஐயா, தாங்கள் வேலைக்கு வருவது எங்கிருந்து?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து" என்பார் ஒருவர். "நாட்டின் மறுகரையிலிருந்து" என்பார் இன்னொருவர். விமானம் ஓட்டுவதற்கு முன்னால், பணித்தளம் வந்து சேர்வதற்காகவே, வேறொரு விமானத்தில் பயணியாக வந்திருப்பார் அவர். அந்தப் பயணத்துக்கு ஊதியம் இல்லை. அந்த நேரம் வேலைநேரக் கணக்கிலும் இல்லை.

இந்த வழக்கம் நன்றா, தீதா? இருக்கட்டும் என்பதா, தடுத்திடுக என்பதா? நெடுநாளாய் நடக்கும் வழக்கு அது. வானூர்தி ஓட்டுவோர் வழக்கு நமக்கெதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். உழைப்பவன் எங்கே வாழ்வது, வேலைக்கு வரும் வழியில் கரைந்திடும் அவன் பொழுது யாருடையது என்ற கேள்வி, தறிக்கூடத்துத் தொழிலாளிக்கும் உரியது. தங்கக்கோடு அணிந்தவருக்கும் உரியது.

நாடகம் எழுதுவோன் நான். இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறேன். இரண்டும் உண்மை, இரண்டும் 2009ஆம் ஆண்டில் நடந்தவை.

முதற்காட்சி: சனவரி 15. நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து எழும்பியது யு.எஸ். ஏர்வேஸ் விமானம். பறவைக் கூட்டம் மோதிற்று. எஞ்சின் இரண்டும் உந்தும் வலு இழந்தன. கேப்டன் சல்லன்பர்கர் கலங்கினாரில்லை. ஹட்சன் ஆற்றின் மீது விமானத்தை இறக்கினார். இருந்தவர் 155 பேர். 155 பேரும் பிழைத்தனர்! உலகம் அவரை உச்சிமோந்தது. அவர் இல்லம் இருந்தது மேற்குக் கரையில், கலிபோர்னியாவில். பணித்தளமோ கிழக்கே, வட கரோலினாவின் சார்லட் நகரம். கண்டத்தையே கடந்து வேலைக்கு வந்தவர் அவர்!

இரண்டாம் காட்சி: இருபத்தெட்டே நாட்களுக்குப் பின், பிப்ரவரி 12. நூவர்க்கிலிருந்து பஃபலோ நோக்கிப் பறந்தது கோல்கன் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம். இறங்கும் வேளையில் வேகம் குன்றிற்று, நிலைகுலைந்தது, கிளாரன்ஸ் சென்டர் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்து தீயாயிற்று. விமானத்திலிருந்த 49 பேரும் மாண்டனர். வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார். விமானத்தின் துணை விமானி, முன்னாள் இரவு சியாட்டில் நகரிலிருந்து சரக்கு விமானமேறி, மெம்பிஸில் இறங்கி, இன்னொரு சரக்கு விமானம் பிடித்து, விடிகாலையில் நூவர்க் வந்து சேர்ந்தவர். கேப்டனின் வீடு புளோரிடாவில். இரவைக் கழிக்க அவருக்கு வாய்த்தது, நிலையத்தில் பணியாளர் கூடும் அறை.

நெடுந்தொலைவு கடந்து வந்த ஒருவர் 155 உயிரைக் காத்தார். நெடுந்தொலைவு கடந்து வந்த இருவரின் விமானத்தில் 50 உயிர் போயிற்று. எனில், பழி தொலைவின் மீதா? அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதலாகாது. ஆய்ந்து பார்த்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எச்சரிக்கை கேட்டதும் கேப்டன் செய்த தவறான செயலே விபத்துக்குக் காரணம் என்றது. களைப்பு இருவரையும் தாக்கியிருக்கக்கூடும். அதன் பங்கு எவ்வளவு என்று அறுதியிட இயலவில்லை என்றும் சொல்லிற்று. அதற்குமேல் நாமும் ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

இனி வழக்கின் இரு தரப்பையும் கேட்போம்.

"இப்பயணம் எங்கள் உரிமை!" என்கின்றனர் விமானிகள். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எந்த நகரில் யார் பணியாற்றுவது என்பதை அங்கே மூப்பு வரிசை முடிவு செய்கிறது. மூத்தவர் விரும்பிய தளம் பெறுவார். இளையவர் எஞ்சியதைப் பெறுவார். அந்தத் தளமேனும் நிலைக்குமா? 1978இல் விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை அமெரிக்க அரசு தளர்த்திற்று. அதன்பின் நிறுவனங்கள் இணைவதும், திவாலாவதும், தளங்களை மூடுவதும் வாடிக்கையாயின. டல்லஸ் நகரில் மையம் அமைத்திருந்த டெல்டா நிறுவனம், 2005இல் அந்த மையத்தையே கைவிட்டது. ஒவ்வொரு முறையும் வீட்டை விற்று, பிள்ளையைப் பள்ளி மாற்றி, மனைவியை வேலை துறக்கச் சொல்லி, முதிய பெற்றோரைப் பிரிந்து மூட்டை கட்ட முடியுமா? "குடும்பம் ஓரிடத்தில் வேர்விடட்டும், அலைச்சலை நான் ஒருவன் ஏற்கிறேன்" என்கிறார் விமானி. பாசம் பேசும் பேச்சல்லவா அது!

நிறுவனத்துக்கும் இது ஆதாயமே. தளத்தை இன்று இங்கே வைக்கலாம், நாளை அங்கே மாற்றலாம். குடும்பங்கள் என்னாகும் என்ற கவலை வேண்டாம். விமானிகள் எப்படியேனும் வந்து சேர்வர்!

அந்த "எப்படியேனும்" என்ற சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் அவதியைக் காணுங்கள். கட்டணம் இல்லை என்பது உண்மை. இடம் உறுதி என்பதும் இல்லை. பயணிகள் அமர்ந்த பின் காலியிருந்தால் ஓர் இருக்கை. இல்லையேல் விமானி அறையில் மடக்கி விரிக்கும் ஜம்ப் சீட். அதுவும் இல்லையேல் அடுத்த விமானம்! பனி பெய்தால், புயல் வந்தால், கூட்டம் பெருகினால்? அதற்கஞ்சி முதல் நாளே புறப்படுகிறார். விடுமுறையில் ஒரு நாள் வழியிலே கரைகிறது. வந்து சேர்ந்தால் படுப்பதெங்கே? நிலையத்துக்கு அருகே பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு. அதற்குக் கிராஷ் பேட் என்று பெயர். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். இன்று ஒருவர் படுத்த கட்டிலில் நாளை இன்னொருவர். உறங்கி எழுந்து, பயணிகளின் உயிரைக் கையில் ஏந்த வேண்டியவர் உறங்கும் இடம் அது!

இவ்வாறு வருவோர் யாரோ ஒருவர், இருவர் என்று எண்ணாதீர்கள். கோல்கன் நிறுவனத்துக்கு 2009 ஏப்ரலில் நூவர்க் தளத்தில் 137 விமானிகள். அவர்களில் 93 பேர் வெளியூரிலிருந்து வருவோர். 29 பேரின் வீடு 1,000 மைலுக்கும் அப்பால்!

ஏன் நூவர்க்கிலேயே குடியிருக்கவில்லை? அந்தத் துணை விமானியின் ஆண்டு ஊதியம் 16,000 டாலர் அளவு என்று பொதுவிசாரணையில் பேசப்பட்டது. 24,000 டாலருக்குச் சற்றுக் குறைவு என்று நிறுவனம் பின்னர் திருத்திற்று. எது சரியாயினும் ஆகட்டும்! நியூயார்க்கை ஒட்டிய ஊரில், அந்தப் பணத்தில், வாடகை கொடுத்து மானத்தோடு வாழ முடியுமா? ஹட்சன் வீரர் சல்லன்பர்கரே, 2009 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் நின்று, தம் ஊதியம் நூற்றுக்கு நாற்பது வெட்டப்பட்டதென்றும், ஓய்வூதியம் பறிபோனதென்றும் சொன்னார். உலகமே மாலை சூட்டிய கழுத்துக்கும் அதுவே நிலை!

சட்டம் என்ன செய்தது? 3407இல் உற்றாரை இழந்தோர் கண்ணீரோடு வீட்டில் அடங்கிவிடவில்லை, ஒன்றுகூடினர், வாஷிங்டன் நகருக்கு மீண்டும் மீண்டும் படையெடுத்தனர். 2010இல் சட்டம் வந்தது. பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த பட்டறிவு இருந்தாலன்றிப் பயணிகள் விமானத்தின் துணை விமானியாகவும் அமர முடியாது என்றாயிற்று. 2014 சனவரி 4 முதல் புதிய ஓய்வு விதி: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையின்றி உறங்க வாய்ப்பு. நல்ல விதி! வரவேற்கிறோம்.

ஆயினும், வீட்டிலிருந்து பணித்தளம் வரும் பயணத்தை அவ்விதி வேலையாக எண்ணவில்லை. ஓய்வு எனக் குறித்த பொழுதிலேயே ஒருவர் பாதி நாட்டைக் கடக்கலாம். ஏட்டிலே அவர் ஓய்வெடுத்தவர்! 2011இல் இதை ஆராய்ந்த அறிஞர் குழு, பயணத்துக்கு விதி வகுக்கப் போதிய தரவுகள் இல்லை என்றது. விழித்திருக்கும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பயணத்தைத் திட்டமிடுமாறு விமானிக்கு அறிவுரை கூறிற்று. "நான் தகுதியோடு இருக்கிறேன்" என்று ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் விமானியே உறுதி கூற வேண்டும் என்கிறது சட்டம். நேற்றுச் சேர்ந்த இளைஞர், ஊர் தாண்டி வந்த களைப்போடு, "இன்று என்னால் இயலாது" என்று சொல்லத் துணிவாரா? துணிவைக் கட்டளையிட்ட சட்டம், துணிவதற்கான துணையைத் தந்ததா?

அப்படியாயின் நெடும்பயணத்தைத் தடை செய்துவிடலாமே என்பீர்கள். வேண்டாம். தடை விதித்தால் தண்டனை பெறுபவர் யார்? தளத்தை மாற்றியவரா? குறைந்த ஊதியம் கொடுத்தவரா? இல்லை, வீட்டைவிட்டுப் பிரிந்து வாடும் விமானியே தண்டிக்கப்படுவார்.

செய்ய வேண்டியது வேறு. விரும்பித் தொலைவில் வாழ்பவர் வாழட்டும். வேறு வழியின்றி வாழ்பவர் எவரும் இருத்தலாகாது. தளத்தருகே குடியிருக்கப் போதுமான ஊதியம், வந்தவர் உறங்க நிறுவனச் செலவில் அறை, பணிக்கு வருவோருக்கு உறுதியான இருக்கை, தளத்தை மூடினால் பெயரும் குடும்பத்துக்கு ஈடு, வழியிலே கழிந்த பொழுதுக்கும் கணக்கு! இவை நடவாதவை அல்ல. செல்வர்கள் பறக்கும் நெட்ஜெட்ஸ் நிறுவனம், விமானியின் ஊருக்கருகே உள்ள நிலையத்திலிருந்து அவரைத் தன் செலவில் டிக்கெட் வாங்கி அழைத்துக்கொள்கிறது. சீமான்களின் விமானிக்கு முடிந்தது, சாமானியர் ஏறும் விமானத்தின் விமானிக்கு முடியாதா?

ஊதியம் பின்னர் உயரவே செய்தது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள், புதிய துணை விமானிக்கே பறக்கும் மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. முதலாளியின் நெஞ்சு இளகிற்றோ? விமானிகள் பற்றாக்குறை வந்தது, பை திறந்தது! பற்றாக்குறை கொடுத்ததை, ஆள் பெருகும் நாளில் பறிப்பது எளிது. ஒப்பந்தமாகவும் சட்டமாகவும் பெற்றதைப் பறிப்பது அத்துணை எளிதன்று. பஃபலோவின் துயருற்ற குடும்பங்கள் காட்டிய வழி அதுதான். சங்கமாய் நிற்கும் விமானிகள் தொடர வேண்டிய வழியும் அதுவே.

பணித்தளம் வந்தபின் தொடங்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். சியாட்டிலில் வாசற்படி தாண்டிய அந்த இரவிலேயே தொடங்கிவிட்டது அத்துணை விமானியின் உழைப்பு. அந்தக் காதங்களையும் கணக்கில் எழுதுங்கள்! எழுதும் வரை, 50 உயிருக்குரிய கணக்கு முடிந்ததாகாது.